கைப்பிடி இல்லாத கதவு

உஷாவுக்கு எங்கே போனாலும் முதலில் கதவைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பின்வாசல் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் ஜன்னல் சீட்டைத் தேடும்போது இவள் அவசர வழியைத் தேடி, அதன் கொண்டியை ஒருமுறை அசைத்துப் பார்ப்பாள். கண்டக்டர்களிடம் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. கோயமுத்தூர் துணிக்கடை ஒன்றில் மாடிப்படியை மறித்து அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை எடுக்கச் சொல்லி அவள் போட்ட சண்டையில், பார்த்துப் பார்த்து எடுத்த தீபாவளிப் புடவையைக் கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று.

"உங்கம்மாவை எமன் வந்து கூப்பிட்டாலும், அங்க வெளிய வர்றதுக்கு எத்தனை வாசல்னு கேட்டுட்டுத்தான் கிளம்புவா" என்பார் அவள் கணவர் அண்ணாதுரை, மகளிடம்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. குன்னூருக்குப் பக்கத்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக வேலை. அவள் வேலை செய்யும் கட்டடத்தில் கதவெல்லாம் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். தாழ்ப்பாள் என்ற பேச்சே கிடையாது. காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் நேரே எதிர்ச்சுவர்க் கதவுக்குப் போய், உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டு வந்துதான் வேலையில் கை வைப்பார்கள். அப்புறம் மேற்பார்வையாளர் "தீ!" என்று ஒரு சத்தம் போடுவார். ஆளுக்கொரு திசையில் கை நீட்டி அவரவர் கதவைக் காட்ட வேண்டும். மற்ற ஆபீசில் குட்மார்னிங் சொல்வார்களே, அந்த மாதிரி.

வெளியுலகத்தில் அந்தச் சொல்லை அத்தனை சாதாரணமாகச் சொல்லக்கூடாது என்பது மட்டும் இந்த இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. மகளின் கல்யாணத்துக்கு வேட்டு வைத்தது அந்த மறதிதான்.

மகள் தாரிணிக்குக் குன்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கோயமுத்தூரில் படிக்கும்போது ஜீவா என்ற பையனைப் பிடித்துப்போயிற்று. அவன் இப்போது அங்கேயே ஒரு பம்ப் கம்பெனியில் என்ஜினியர். சொந்த ஊர் பந்தலூர்ப் பக்கத்துச் சேரங்கோடு. அப்பா ராசு, அம்மா ரஞ்சனி இரண்டு பேருமே சிறுவயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர்கள். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் ஆயுசு பூராவும் உழைத்தவர்கள். ஒன்றரை வருஷம் இரண்டு வீடும் முறுக்கிக்கொண்டு நின்று, கடைசியில் பிள்ளைகளின் பிடிவாதம் ஜெயித்தது. ஆவணி இரண்டாவது முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

அதற்குள் ஜீவா கார் வாங்கிவிட்டான். பேட்டரியில் ஓடும் கார். ரஞ்சனி பிறந்த வீடு, புகுந்த வீடு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்து வரிசை மொத்தம் இருபத்துநாலு வீடு என்று எங்கே தேடினாலும் அதுதான் முதல் கார். ஆனி மாத நடுவில், மழை ஒருநாள் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை வைத்தார்கள். சம்பந்தி வீடு ஆகப்போகிறவர்களை விடலாமா? உஷா, அண்ணாதுரை, தாரிணி மூன்று பேரும் விடிகாலையில் கிளம்பி, ஊட்டி, கூடலூர் என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கினார்கள்.

வண்டி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல், சோப்புக்கட்டி மாதிரி. கதவில் கைப்பிடி என்று ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கவே இல்லை. தகட்டோடு தகடாகப் படுத்திருந்தது. சாவியோடு பக்கத்தில் போனால்தான் அது வெளியே வரும், இல்லாவிட்டால் உள்ளேயே கிடக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு அப்படி வைத்திருக்கிறார்களாம். சேரங்கோட்டு மண்ரோட்டில் எந்தக் காற்றைக் கிழிக்கப் போகிறதோ!

பூசாரி சுடலை பூசணிக்காய் சுற்றி உடைத்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பையனைப் பெற்ற அம்மாதான் முதலில் ஏற வேண்டும், பெண்ணைப் பெற்ற அம்மாவும் கூடவே ஏறட்டும், இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றுவோம் என்று ஜீவா ஆசையாகச் சொன்னான். சாவி அவன் சட்டைப்பையில். அவனோ வண்டிக்கு முன்னால் பூசாரியிடம் திருநீறு வாங்கிக்கொண்டிருந்தான். ரஞ்சனி பட்டுப்புடவையோடு பின்கதவுக்குப் போனாள். கதவின் மேல் கையை வைத்துத் தடவினாள். மேலே தடவினாள், கீழே தடவினாள். பிள்ளைகள் இரண்டு சிரித்தன. ஜீவா ஓடிவந்து திறந்துவிட்டான்.

உஷா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் கண் எதிர்ப்பக்கத்துக் கதவின் உட்புறத்தில் இருந்தது. ரஞ்சனிக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக ஒரு காலை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஜீவா, உள்ள இருந்து இதை எப்படிப்பா திறக்கிறது?"

"இந்தா இந்த பட்டனை அழுத்துங்க அத்தை."

"பட்டனுக்குக் கரண்ட் வேணுமல்ல? கரண்ட் போச்சுன்னா?"

"பேட்டரி வண்டிதானே அத்தை. கரண்ட் இல்லாட்டி வண்டியே ஓடாதே."

"ஓடறதுக்குக் கேக்கலை சாமி, எறங்கறதுக்குக் கேக்கறேன். எங்கியாச்சும் மோதி, தீப்பிடிச்சு, உள்ள ஆள் மாட்டிக்கிட்டா எப்படித் திறப்பாங்க?"

சுடலையின் கையில் இருந்த கற்பூரத் தட்டு பாதி வட்டத்தில் நின்றது. தவில்காரர் குச்சியைத் தாழ்த்தினார். அம்மன் சந்நிதியில், புது வண்டிக்கு முன்னால், பூ வாடுவதற்கு முன்னால், இப்படி ஒரு வார்த்தை! லயத்து ஜனம் மொத்தமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

அதோடாவது விட்டாளா? "தெரியலையே அத்தை, பாத்துச் சொல்றேன்" என்று ஜீவா வழிந்தான். "அப்பப் பாத்துச் சொல்லு, நான் அப்புறமா ஏறிக்கறேன்" என்று வைத்த காலை வெளியே எடுத்துக்கொண்டாள். கார் ரஞ்சனியை மட்டும் ஏற்றிக்கொண்டு கோயிலைச் சுற்றியது. கண்ணாடிக்குப் பின்னால் ரஞ்சனி யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு பலமாகத்தான் போட்டார்கள். ஆனால் இன்னொரு கரண்டி வைக்கட்டுமா என்று உஷாவை யாரும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் ராசுவிடமிருந்து போன் வந்தது. மனுஷர் அதிகம் பேசாதவர். "ஊட்ல ஒரு யோசனை சொல்றாங்க. ஆவணி வேணாம், தை பொறக்கட்டும், அப்புறம் பேசிக்குவோம்ங்கிறாங்க" என்றார். காரணம் கேட்பதற்குள் வைத்துவிட்டார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்வார்கள். ஆனால் ஆவணியில் நடக்க வேண்டியதைத் தைக்குத் தள்ளினால் எந்த வழி பிறக்கும் என்பது கல்யாணம் பேசியவர்களுக்கெல்லாம் தெரியும்.

தாரிணி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிற பெண் இல்லை. இரண்டு நாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். மூன்றாம் நாள் அடுப்படியில் வந்து நின்று கேட்டாள்.

"நெசமாச் சொல்லும்மா. உனக்கு எப்பவாச்சும் எதாச்சும் நடந்திருக்கா? எங்கியாச்சும் மாட்டிக்கிட்டயா? உங்க ஃபேக்டரியில யாருக்காச்சும் எதாச்சும் ஆயிருக்கா?"

"இல்லையே."

"அப்ப எதுக்கும்மா? ஒண்ணு நடந்து, அந்தப் பயத்துல கேட்டயின்னா அவங்க அம்மாகிட்ட ஜீவா எடுத்துச் சொல்லுவான். ஒண்ணுமே நடக்கலைன்னா நான் என்னன்னு சொல்றது? எங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காதுன்னா?"

உஷாவுக்குப் பதில் வரவில்லை. வந்திருந்தாலும் அந்த நேரத்தில் எடுபட்டிருக்காது. பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. தான் பெற்ற ஒரே பெண்ணின் வாழ்க்கையில் தன் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அன்றிரவு தலைகாணி நனைய அழுதாள்.

நடுவில் ஜீவா தாரிணியிடம் போனில் ஒரு தகவல் சொல்லியிருந்தான். முன்கதவுகளில் பட்டனுக்குப் பக்கத்திலேயே இழுக்கிற பிடி ஒன்று இருக்கிறதாம், கரண்டே வேண்டாமாம். பின்கதவிலும் உண்டாம். தண்ணீர் பாட்டில் வைக்கிற பை இருக்கிறதே, அதன் அடிவிரிப்பை எடுத்தால் ஒரு மூடி, மூடிக்குள் ஒரு கம்பி வளையம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் நூற்று எண்பதாம் பக்கத்தில் போட்டிருக்கிறதாம்.

"நூத்தி எண்பதாம் பக்கத்துலயா?" என்றாள் உஷா. "தீப்பிடிச்சா மொதல்ல புஸ்தகத்தைப் புரட்டோணுமா?"

"அம்மா!" என்றாள் தாரிணி.

ஆடி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், இரண்டு பாக்கெட் வர்க்கி பிஸ்கட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சேரங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள். "எல்லாமே என் தப்புத்தானுங்கன்னு ஒரேயடியாச் சொல்லிரு. நியாயம் பேசாத. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அண்ணாதுரை பஸ் ஸ்டாண்டு வரை வந்து பாடம் சொல்லி அனுப்பினார். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆடி மழை பந்தலூர்ப் பக்கம் பிடித்தால் விடுகிற மழையா? குடையை மேலே பிடித்தால் பக்கவாட்டில் அடித்தது.

லயத்தின் கோடியில், நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வண்டி நின்றது. ரஞ்சனி வாசலிலேயே இருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் வந்து, உடனே போய்விட்டது.

"வாங்க. தனியாவா வந்தீங்க?" என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள். "அவரும் மகனும் சேரம்பாடிக்குக் கறி வாங்கப் போயிருக்காங்க. உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் உஷாவுக்குக் கஷ்டமாக இருந்தது. தேத்தண்ணி சூடாக, நல்ல சாயமாக இருந்தது. பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் கேட்ட நேரம் தப்புங்க. சாமி முன்னாடி அந்த வார்த்தையைச் சொன்னது தப்பு. ஏறாம நின்னதும் தப்பு. என்னை மன்னிச்சுக்கோங்க."

ரஞ்சனி மழையைப் பார்த்தாள். "நேரந்தான் தப்பு. கேள்வி தப்பில்லை. அப்பிடித்தானே?"

இப்போது சொல்ல வேண்டும், எல்லாமே என் தப்புத்தானுங்க என்று. பஸ் ஸ்டாண்டிலிருந்து இதுவரை நூறு தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை.

"கேள்வி தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க்கா" என்றாள், அழுகை முட்டிக்கொண்டு.

ரஞ்சனிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒரு மாசமாக அடக்கி வைத்திருந்த கோபம்.

"எப்பிடி வரும்? நான் சொல்லட்டுமா நீங்க என்ன நெனச்சீங்கன்னு? இவளுக்கு வெளிய இருந்தே கதவு தொறக்கத் தெரியலையே, உள்ள மாட்டுனா எப்பிடித் தொறப்பான்னு நெனச்சீங்க. அத்தனை சனம் பாத்துக்கிட்டு இருக்கு, நான் கைப்பிடியைக் காணாம தடவிக்கிட்டு நிக்கிறேன், புள்ளைங்க சிரிக்குது. அந்த நேரம் பாத்துக் கேக்குறீங்க, இதை எப்பிடித் தொறக்கிறதுன்னு. லயத்துக்காரி, இவளுக்கு எதுக்குக் காருன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு."

உஷா இல்லையென்று வேகமாகத் தலையாட்டினாள்.

"முப்பது வருசம் விடியக்காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போயி கொழுந்து எடுத்தவ நான். தொரை காரு வந்தாக் கூடையை இறக்கி வச்சுட்டு செடிக்குள்ள ஒதுங்கி நிப்போம். சேறு தெறிச்சாலும் நிப்போம். ஒரு நாள் அந்தக் கதவுல கை வச்சதில்ல. இன்னைக்கு எம்மகன் காரு வாங்கிருக்கான், அதுலயும் கை வைக்கத் தெரியாம நிக்கிறேன்." அவள் குரல் உடைந்தது. "அவன்கிட்ட கேக்கவும் வெக்கமா இருக்கு. வண்டி வந்து ஒரு மாசமாச்சு. அவனே தொறந்து ஏத்துறான், அவனே தொறந்து எறக்குறான். கரண்ட் போனாத் தொறக்குமான்னு நீங்க கேட்டீங்க. எனக்குக் கரண்ட் இருக்கிறப்பவே தொறக்கத் தெரியாது. போதுமா?"

ராசு போனில் சொன்ன தைக்கும் இதுதான் காரணம் என்பது உஷாவுக்கு இப்போதுதான் விளங்கியது. தீ என்ற சொல் அல்ல. அதை அம்மனே மன்னித்திருப்பாள்.

"சத்தியமாச் சொல்றனுங்க்கா, நீங்க தேடினதை நான் பாக்கவே இல்லை" என்றாள். "நான் எங்க போனாலும் உள்பக்கத்தைத்தான் பாப்பேன். பைத்தியம் மாதிரி. ஊட்ல கேட்டுப் பாருங்க. பாத்திருந்தா நானும் சேந்து தேடியிருப்பேன். எனக்கும் அந்தக் கைப்பிடி எங்க இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

ரஞ்சனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. மழை சற்றுக் கனம் குறைந்தது. சாமி படத்துக்குக் கீழே இருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க" என்றாள்.

தார்ப்பாயை இரண்டு பேருமாகப் பாதி சுருட்டி மேலே போட்டார்கள். சாவி பக்கத்தில் வந்ததும் கதவிலிருந்து கைப்பிடி மெல்ல எழுந்து வந்தது. "அட!" என்றாள் உஷா. ரஞ்சனி அதைப் பிடித்து இழுத்தாள். திறந்தது. இவ்வளவுதானா என்பது போல நின்று, மூடி, மறுபடி இழுத்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மழைச்சாரல் அடிக்காமல் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள்.

உள்ளே புதுவண்டி வாசனை. கூரையில் மழை பொரிந்தது. "இந்த பட்டனுதானே?" என்று ரஞ்சனி அழுத்தினாள். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். உஷா தன் பக்கத்துப் பட்டனை அழுத்தினாள். அதுவும் திறக்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை.

காரணம் பெரிசாக ஒன்றுமில்லை. ஜீவாவின் அக்கா ரேணுகா போன வாரம் திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய மூன்று வயதுப் பெண் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று ஜீவா பின்கதவுகளுக்குக் குழந்தைப் பூட்டுப் போட்டு வைத்தான். எடுக்க மறந்துவிட்டான். அந்தப் பூட்டு பட்டனை மட்டும் கட்டிப்போட்டுவிடும். இதெல்லாம் உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் தெரியாது. இரண்டு பேரின் போனும் வீட்டுக்குள்ளே. கூப்பிட்டால் மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"முன்னாடி சீட்டுக்குத் தாண்டிரலாமா?" என்றாள் உஷா.

"இந்தச் சந்துலயா? என் ஒடம்பைப் பாத்துச் சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்ததும் கண்ணாடியில் மூச்சுப் படிந்து வெளியே தேயிலைக்காடு மங்கிப்போயிருந்தது. ரஞ்சனி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு இந்த மாதிரி எதாச்சும் முன்னாடி நடந்திருக்கா? அதான் அப்பிடிக் கேட்டீங்களா?"

மகள் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு வராத பதில் இன்றைக்கு வந்தது.

"இல்லீங்க்கா. இருபத்தாறு வருசத்துல ஒண்ணுமே நடக்கலை. எல்லாரும் கேக்கறாங்க, என்ன நடந்துச்சுன்னு. நடந்திருந்தா அது ஒரு கதை, உக்காந்து கேப்பாங்க. தினமும் காலைல கதவைத் தள்ளிப் பாத்துட்டு வேலை செய்யறோம், சாயங்காலம் ஊட்டுக்கு வந்து கொழம்பு வெக்கறோம். இதைக் கதைன்னு யாருகிட்டச் சொல்றது?" அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் உங்களையும் நெனக்கலை, எங்களையும் நெனக்கலை. ஒரு காலை உள்ள வெச்சப்ப, இந்த எடத்துல தாரிணி உக்காந்திருக்கற மாதிரி தெரிஞ்சுது. மடியில ஒரு கொழந்தையோட. கதவைப் பாத்தேன், புடிச்சு இழுக்க ஒண்ணுமே இல்லை. அவ்வளவுதானுங்க. கேட்டுட்டேன். அதைக் கேட்டதுக்கு அவ கல்யாணமே நின்னு போச்சுன்னா, அக்கா, என்னால தாங்க முடியாது."

ரஞ்சனி திரும்பித் தன் பக்கத்துக் கதவைப் பார்த்தாள்.

"பாத்துச் சொல்றேன்னானே எம்மகன், கரண்ட் இல்லாமத் தொறக்கிறது எங்க இருக்காம்?"

"பாட்டில் வெக்கற பைக்கு அடியில. விரிப்பை எடுத்தா ஒரு மூடியாம்."

ரஞ்சனி கையை உள்ளே விட்டாள். எட்டிப் பார்க்க வழியில்லாத இடம். ஆனால் முப்பது வருஷம் கொழுந்து எடுத்த விரல்களுக்குக் கண் எதற்கு? வாய் பக்கத்து நிரைக்காரியிடம் கதை பேசிக்கொண்டிருக்க, விரல் பாட்டுக்கு முற்றிய இலையை விட்டுத் தளிரை மட்டும் கிள்ளிப் பழகிய கை அது. விரிப்பின் ஓரத்தைக் கண்டுபிடித்துக் கிளப்பி வெளியே போட்டது. அடியில் தடவி நின்றது. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு மூடி. நகத்தைக் கொடுத்து நெம்பியதும் மூடி கழன்று வந்தது. உள்ளே நடுவிரலை விட்டாள்.

"இருக்கு. கம்பி மாதிரி ஒண்ணு. இழுக்கவா?"

"இழுங்க்கா!"

டப்பென்று ஒரு சத்தம். கதவு ஒரு விரற்கடை திறந்து, சில்லென்று காற்றும் சாரலும் உள்ளே வந்தன. ரஞ்சனி கதவைத் தள்ளி முழுசாகத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பூஜையன்று கோயிலைச் சுற்றி வந்தபோதுகூட அந்த முகத்தில் இத்தனை சந்தோஷம் இல்லை. இது அவளுக்கு யாரும் திறந்துவிட்ட கதவு இல்லையே.

இறங்குவாள் என்று உஷா நினைத்தாள். அவள் இறங்கவில்லை. கதவை இழுத்து மறுபடி சாத்தினாள். கையை விட்டு, கம்பியைத் தேடி, இழுத்தாள். டப். மறுபடி சாத்தினாள். மூன்றாவது தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். டப். சேலையெல்லாம் சாரலில் நனைந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

கீழே ரோட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ராசுவும் ஜீவாவும் வந்துகொண்டிருக்க வேண்டும். உஷா புடவையை ஒதுக்கிக்கொண்டு, ரஞ்சனியின் பக்கமாக இறங்குவதற்கு நகர்ந்தாள். ரஞ்சனி கையை நீட்டி அவளை மறித்தாள்.

"எங்க எறங்குறீங்க? உங்க பக்கத்துக் கதவை யாரு பாப்பா?"

"அதுவும் இதே மாதிரித்தானுங்களே இருக்கும்."

"இதே மாதிரியா இருக்கான்னு தொட்டுப் பாத்தாத்தானே தெரியும்? நம்ம பேரப்புள்ளை எந்தப் பக்கம் உக்காரும்னு இப்பவே யாரு கண்டா?"

உஷாவுக்கு முதலில் காதில் மட்டும்தான் விழுந்தது. மனசில் விழ ஒரு நிமிஷம் ஆயிற்று. விழுந்ததும் கண் நிறைந்துவிட்டது. குனிந்து தன் பக்கத்துக் கதவுப் பைக்குள் கையை விட்டாள், விரிப்பு எங்கே, ஓரம் எங்கே என்று ஒன்றும் புரியவில்லை. கண்ணீர் சொட்டுச் சொட்டாகப் புது சீட்டில் விழுந்தது.

"அழுதுக்கிட்டிருந்தா எப்பிடித் தொறக்கும்?" என்று ரஞ்சனி அதட்டினாள். அவள் குரலும் சரியாக இல்லை. "ஆவணிக்கு இன்னும் இருபது நாளுதான் இருக்கு, ஆயிரம் வேலை கெடக்கு. ஓரத்துல நகத்தை விடுங்க. இன்னும் கீழ. ம், அங்கதான், நெம்புங்க."

உஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நெம்பினாள்.